டைட்டானிக் மூழ்கும்னு ஒரு நாவல் முன்னாடியே சொல்லுச்சா?

"டைட்டானிக் மூழ்குறதுக்கு 14 வருஷம் முன்னாடியே ஒரு கதைல அப்படியே எழுதி வச்சிருந்தாங்களாமே, எப்படி?"ன்னு கேட்டிருக்கீங்க. கதை இருக்கறது உண்மைதாங்க. மார்கன் ராபர்ட்சன்ங்கிற அமெரிக்கர் 1898ல எழுதுன 'ஃப்யூட்டிலிட்டி'. கப்பல் பேரு டைட்டன், நீளம் 800 அடி (டைட்டானிக் 882 அடி), மூழ்கவே மூழ்காதுன்னு பேரு வாங்குனது, ஏப்ரல் மாசம் வடக்கு அட்லாண்டிக்ல பனிப்பாறைல மோதி போயிடும். முதல் தடவை படிச்சப்ப எனக்கும் உடம்பு சிலிர்த்துடுச்சு.

ஆனா வாட்ஸ்அப்ல சுத்துற மெசேஜ்ல சிலத விட்டுடறாங்க. டைட்டனுக்கு அது முதல் பயணம் இல்ல, நியூயார்க்ல இருந்து திரும்பி வர்ற வழி, அதுக்கு முன்னாடி பனிமூட்டத்துல இன்னொரு கப்பல ரெண்டா வெட்டிட்டு வேற வரும். 1912 விபத்துக்கப்புறம் புத்தகத்த வேற தலைப்புல திரும்ப போட்டப்ப கப்பலோட எடையையும் எஞ்சின் சக்தியையும் கூட்டிட்டாங்க.

ராபர்ட்சன் ஜோசியர் இல்லைங்க, சின்ன வயசுலயே கப்பலேறி மேட் (கேப்டனுக்குக் கீழ இருக்கற அதிகாரி) வரைக்கும் வேலை பாத்தவரு. நானும் சில வருஷம் சரக்குக் கப்பல்ல தேர்ட் மேட்டா இருந்தவன், லைஃப்போட்டெல்லாம் என் பொறுப்புதான், அதனால அந்தக் கதைல என்னைய பிடிச்சு நிறுத்துனது பனிப்பாறை இல்ல, படகுக் கணக்கு. சட்டத்துக்கு எவ்ளோ கம்மியா இருந்தா போதுமோ அவ்ளோ படகுதான், மொத்தம் 24, எல்லாத்தையும் இறக்குனாலும் 500 பேருக்குதான் இடம்னு எழுதிருக்காரு. கடல்ல இருந்தவனுக்குதான் கண்ணு அங்க போகும். அப்ப இருந்த பிரிட்டிஷ் விதி 1894ல வந்தது, 10,000 டன்னத் தாண்டிட்டா எவ்ளோ பெரிய கப்பலா இருந்தாலும் 16 படகு போதும். டைட்டானிக் 46,000 டன், 20 படகு வச்சிருந்தாங்க, அதாவது விதி கேட்டத விட 4 ஜாஸ்தி! அதுல 1,178 பேருக்கு இடம், கப்பல்ல இருந்ததோ 2,200 பேருக்கு மேல. சுமார் 1,500 பேர் செத்தாங்க.

எங்க கப்பல்ல 22 பேரு, ரெண்டு பக்கமும் ஒரு மூடுன படகு, ஒவ்வொண்ணுலயும் எல்லாருக்கும் இடம் உண்டு, ஏன்னா கப்பல் சாஞ்சிடுச்சுன்னா ஒரு பக்கத்துப் படகை இறக்க முடியாம போகலாம். வாரா வாரம் உள்ள ஏறி எஞ்சின ஓட விட்டு, ஆளுக்கு 3 லிட்டர்னு தண்ணி பாக்கெட்ட எண்ணி, பிஸ்கட்டோட தேதியையும் பாத்து எழுதணும். டிரில் அன்னைக்கு எல்லாரும் பெல்ட் போட்டு முட்டியோட முட்டி இடிச்சு உக்காந்திருப்போம், டீசல் வாடை, வேர்வை, சேரங் (டெக் ஆளுங்களுக்குத் தலைவர்) ஒவ்வொருத்தரா தலைய எண்ணுவாரு. கப்பல்ல இருக்கற எல்லாருக்கும் படகுல இடம் வேணும்ங்கற சர்வதேச ஒப்பந்தமே டைட்டானிக்குக்கு அப்புறம் 1914ல லண்டன்லதான் கையெழுத்தாச்சு.

அதனாலதான் யாராவது "தீர்க்கதரிசனம்"னு சொன்னா மனசுக்கு கஷ்டமா இருக்கு, எல்லாம் தலைவிதின்னு ஆயிட்டா படகு வைக்காதவங்கள யாரும் கேக்க மாட்டாங்கல்ல. ராபர்ட்சனுக்கும் முன்னாடியே ஒருத்தர் எழுதிருக்காரு, லண்டன் பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட். 1886ல 'பால் மால் கெஜட்'ல ஒரு கதை, அதுல தபால் கப்பல் ஒண்ணு மோதி மூழ்கும், படகு பத்தாம ஜனங்க சாவாங்க. போதுமான படகு இல்லாம கப்பல அனுப்புனா இப்படித்தான் நடக்கும்னு கடைசில பச்சையாவே எழுதிருந்தாரு. 26 வருஷம் கழிச்சு அதே ஸ்டெட், நியூயார்க்ல ஒரு அமைதி மாநாட்டுல பேசறதுக்காக டைட்டானிக்ல ஏறுனாரு. அவரு உடம்பு கூட கிடைக்கல.