நியூசிலாந்து பைன் எங்கே போயிற்று?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஏற்றுமதியாகும் இயந்திர உதிரிபாகங்களுக்குப் பேக்கிங் பெட்டியும் பேலட்டும் செய்து தருகிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன்பு மரத்தொட்டியில் ‘நியூசிலாந்து பைன்’ என்று கேட்டால், தூத்துக்குடியில் இறங்கிய சரக்கு தட்டுப்பாடின்றிக் கிடைத்தது. பிறகு உருகுவே, ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று ஒவ்வொரு முறையும் வேறொரு நாட்டின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். நியூசிலாந்தில் மரம் தீர்ந்துவிட்டதா? பழையபடி வருமா?
வாசகர், அம்பத்தூர்

பதில்: மரம் தீரவில்லை. நியூசிலாந்தில் மனிதர் நட்டு வளர்த்த காடுகள் ஏறத்தாழ 17 லட்சம் ஹெக்டேர் பரப்பில் உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு ரேடியாட்டா பைன் என்னும் ஒரே இனம். கலிஃபோர்னியக் கடற்கரையின் ஒரு சில இடங்களிலும் மெக்சிகோவின் இரு தீவுகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் இந்த மரம், நியூசிலாந்தின் மண்ணிலும் மழையிலும் 25 முதல் 30 ஆண்டுகளுக்குள் வெட்டும் பருவத்தை எட்டிவிடுகிறது. 1990களில் அங்கே பெருமளவில் நட்ட கன்றுகள்தாம் 2020களில் வெட்டுக்கு வந்திருக்கின்றன. ஆகவே தட்டுப்பாடு காட்டில் இல்லை. காட்டுக்கும் உங்கள் பட்டறைக்கும் இடையில் இருக்கிறது.

நாம் ஏன் அவ்வளவு தொலைவிலிருந்து வாங்குகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும், காடுகளைக் காக்கக் கோரிய கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும் உள்நாட்டுக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. அறுத்த மரத்தைவிட உருட்டுக் கட்டைக்குச் சுங்க வரி குறைவாக இருந்ததால், கட்டையாக இறக்கி இங்கேயே அறுப்பது வழக்கமாயிற்று. குஜராத்தில் காண்ட்லா துறைமுகத்தை ஒட்டிய காந்திதாமின் அறுவை ஆலைகள் அப்படி வளர்ந்தவையே.

சிக்கல் அந்த உருட்டுக் கட்டையில்தான் இருக்கிறது. பட்டையுடன் வரும் கட்டைக்குள் மரத்தைத் துளைக்கும் வண்டுகள் ஒளிந்து வரக்கூடும் என்பதால், இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, ஏற்றுமதியாகும் நாட்டிலேயே அதற்கு மெத்தில் புரோமைடு வாயுவால் புகையூட்ட வேண்டும் அல்லது வெப்பப் பதம் (பூச்சி சாகும்படி மரத்தைச் சூடாக்குவது) செய்ய வேண்டும் என்று கேட்டது. கப்பல் நிறையக் குவியும் கட்டைகளுக்கு வெப்பப் பதம் நடைமுறையில் கட்டுப்படியாகாது. எனவே வாயு ஒன்றே வழியாக இருந்தது. ஆனால் மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிக்கும் பொருள், மனிதருக்கும் கடும் நஞ்சு. பயன்படுத்திய வாயுவைக் காற்றில் விடாமல் திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற விதியை நியூசிலாந்து பல ஆண்டுகளாக இறுக்கிக்கொண்டே வந்தது. கப்பலின் அடித்தளத்தில் நிரப்பும் வாயுவை அப்படிப் பிடிக்க இயலாது என்பதால், 2023 ஜனவரி 1 முதல் கப்பல் அடித்தளத்தில் அதைப் பயன்படுத்துவதையே அந்நாடு தடை செய்துவிட்டது. அந்தத் துறைமுகங்களில் வேலை செய்பவர்களின் மூச்சைக் காக்கும் இந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தும், அதன் சுமையில் ஒரு பங்கு உங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள் தலையில் விழுந்தது என்பதும் உண்மை.

அப்படியானால் சீனாவுக்கு மட்டும் எப்படிக் கப்பல் கப்பலாகப் போனது என்று நீங்கள் கேட்கலாம். அடித்தளத்தில் ஏற்றும் கட்டைகளுக்குப் பூச்சியைக் கொல்லும் இன்னொரு வாயுவான ஃபாஸ்பீனையும், மேல்தளத்தில் ஏற்றுபவற்றுக்குப் பட்டை உரித்தலையும் சீனா முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. நியூசிலாந்தின் கட்டை ஏற்றுமதியில் மிகப் பெரும் பங்கை வாங்கும் நாடும் அதுவே; அங்கே கட்டுமானம் சூடுபிடித்தால் விலை ஏறுகிறது, தளர்ந்தால் இறங்குகிறது. 2020 இறுதியில் சீனா ஆஸ்திரேலியக் கட்டைகளுக்குத் தடை விதித்தபோது, வாங்குவாரைத் தேடிய அந்தச் சரக்கில் ஒரு பகுதி இந்தியாவுக்குத் திரும்பியது. உருகுவேயின் பைனும் ஐரோப்பிய மரமும் நியூசிலாந்து விட்ட இடத்தை நிரப்ப வந்தவை.

பழையபடி வருமா என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். 2025 மார்ச்சில் தொடங்கிய தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சு முடிவுக்கு வந்துவிட்டதாக அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவும் நியூசிலாந்தும் அறிவித்தன. வரி குறைவது நல்லதுதான். எனினும் இந்த வணிகத்தை முடக்கியது வரியன்று, பூச்சிக் கட்டுப்பாட்டு விதி. இரு தரப்பும் ஏற்கும் மாற்று முறை நிலைபெற்றால் ஒழிய, வரிச் சலுகை மட்டும் பழைய வரத்தைக் கொண்டுவந்துவிடாது.

அதுவரை நாட்டின் பெயரைப் பார்த்து வாங்காமல், ஈரப்பதம், கணுக்களின் அளவு, பூஞ்சையால் நீலம் பாய்ந்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்து வாங்குங்கள். கட்டைக்குக் கப்பலில் புகையூட்டியிருந்தாலும் உங்கள் ஏற்றுமதிப் பெட்டிக்கு அது செல்லாது என்பதை மறவாதீர்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி பதிவு பெற்ற நிலையத்தில் வெப்பப் பதம் செய்து, கோதுமைக் கதிர் சின்னத்துடன் ‘எச்.டி.’ (வெப்பப் பதம் செய்தது) முத்திரை பெறுவதே நம் ஊரில் வழக்கமான வழி.

கேள்வி: தேக்கின் விலை எட்டாததால், இறக்குமதிப் பைனில் வாசல் நிலையும் சன்னல் சட்டமும் செய்யலாமா? வெப்பப் பதம் செய்த மரம் என்று கடைக்காரர் உறுதி சொல்கிறார்.
வாசகி, வேளச்சேரி

பதில்: வேண்டாம், அம்மா. வெப்பப் பதம் மரத்துக்குள் அப்போது இருக்கும் பூச்சியைக் கொல்லுமே தவிர, பின்னால் வரும் கரையானைத் தடுக்காது. பைனுக்கு இயல்பாகவே கரையானைத் தாங்கும் வலு இல்லை. சுவரில் பதியும் நிலைக்கும் மழைச்சாரல் படும் சன்னலுக்கும், அழுத்தம் கொடுத்து உள்ளே மருந்து ஏற்றிய மரமாக இருந்தால் மட்டுமே யோசிக்கலாம். வீட்டுக்குள் ஈரம் படாத அலமாரிக்கும் கட்டிலுக்கும், நன்றாக உலர்ந்த பைனைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.