கேளுங்கள் டாக்டர்: மீன் சந்தையில் விட்ட குட்டிகள்

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்.)

ஐயா, எங்கள் பேரூராட்சியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் கூட்டம் கூட்டமாக நாய்கள். ட்யூஷன் முடிந்து சைக்கிளில் வந்த என் மகளைத் துரத்தியதில் அவள் விழுந்து கை பிசகிவிட்டது. அலுவலகத்தில் போய்ச் சொன்னால், நாயைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். நிஜமாகவா?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

இல்லை அம்மா. கொல்லக் கூடாது, வேறு ஊரில் கொண்டுபோய் விடக் கூடாது என்றுதான் இருக்கிறது. பிடிக்கவே கூடாது என்று எங்கேயும் இல்லை. தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சியின் வேலை என்று 2023-ல் வந்த விதிகள் சொல்கின்றன. பேரூராட்சிக்கும் அதேதான். பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் ஆகியவற்றின் வளாகத்துக்குள் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ல் உத்தரவும் போட்டது. அதனால் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தெருப் பெயர், எத்தனை நாய், மகள் விழுந்த தேதி எல்லாம் எழுதி செயல் அலுவலரிடம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள்.

ஊருக்கு வெளியே விட்டுவிட்டால் தீர்ந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கறிக்கடைக் கழிவும் ஹோட்டல் எச்சில் இலையும் தெருவில் கிடக்கிற வரைக்கும் காலியான இடத்துக்கு வேறு நாய் வரும், அது ஊசி போடாத நாயாக இருக்கும். பத்தில் ஏழு நாய்க்காவது தடுப்பூசி போட்டிருந்தால்தான் ஓர் ஊரில் வெறிநோய் பரவுவது நிற்கும். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் அது கருத்தடை ஆன நாய். உங்கள் தெருவில் எத்தனைக்கு அந்த வெட்டு இருக்கிறது என்று எண்ணி அதையும் மனுவில் எழுதுங்கள்.

ஆனால் எவ்வளவு பிடித்தாலும் ஏன் குறைவதே இல்லை என்பதற்கு அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

டாக்டர், எங்கள் பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு தடவை குட்டி போடுகிறது. கடுவன் குட்டியைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள், பெட்டையை யாரும் எடுப்பதில்லை. கண் திறந்ததும் மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடுகிறோம், அங்கே சாப்பாடாவது கிடைக்குமே என்று. கருத்தடை செய்யலாம் என்றால் மாமியார் பாவம் என்கிறார்.
– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் மறைக்காமல் சொல்கிறேன். கண் திறந்த குட்டி என்றால் இரண்டு வாரக் குட்டி. அதற்கு மீனைக் கடிக்கப் பல்லே முளைத்திருக்காது, தாய்ப்பால் ஒன்றுதான் சாப்பாடு. நான் வேலையில் இருந்த காலத்தில் காலையில் மருத்துவமனைக் கேட்டைத் திறக்கும்போது சில நாள் வாசலில் அட்டைப் பெட்டி இருக்கும். உள்ளே நாலைந்து பெட்டைக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடக்கும், பாதி விறைத்துப் போயிருக்கும். அந்தப் பெட்டியைத் திறக்க எனக்குக் கடைசி வருடம் வரைக்கும் பழகவில்லை. தப்பிப் பிழைக்கிற ஒன்றிரண்டும் ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், அப்புறம் அறுபத்து மூன்று நாளில் அதுவே குட்டி போடும். முதல் கேள்வி கேட்ட அம்மாவின் மகளைத் துரத்தியதும் இப்படி யாரோ ஒருவர் வீட்டில் பிறந்த நாயின் வம்சம்தான்.

வளர்க்கும் பிராணியைக் கைவிடுவது 1960-லேயே மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது என்பதால் யாரும் பயப்படுவதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வோம், நாய்க்கு வலி தெரியாது. பத்து நாள் தையலை நக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கருத்தடை செய்யாத வயதான பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் பிடித்து உயிர் போவதை நான் நிறைய பார்த்திருக்கிறேன், அந்தத் தொல்லையும் இருக்காது. இப்போது குட்டிகள் இருந்தால் இரண்டு மாதமாவது தாயிடம் விட்டு வையுங்கள், மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி போடுங்கள். ஊசி போட்ட குட்டி என்றால் பெட்டையையும் எடுத்துக்கொள்ள ஆள் வருவார்கள்.

பக்கத்து வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார்கள். பகலெல்லாம் கட்டிவைத்து ராத்திரி அவிழ்த்துவிடுகிறார்கள். இரண்டு பேரைக் கடித்துவிட்டது. தெருவில் சிலர் விஷம் வைக்கப் போவதாகப் பேசுகிறார்கள்.
– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

விஷம் வைத்து நாயைக் கொல்பவருக்கு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு. அதை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். நாயைக் கவனக்குறைவாக வைத்து அடுத்தவருக்கு ஆபத்து உண்டாக்கினால் வளர்ப்பவர் மேல் 291-வது பிரிவில் வழக்குப் போடலாம், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் தம்பி, போலீஸுக்கு முன்னால் நாலு பேர் சேர்ந்து அந்த வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம், அதை நாள் முழுக்கச் சங்கிலியில் போட்டால் வெறுப்பேறத்தான் செய்யும். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்தணும், கேட்டைச் சாத்தணும். அதற்கு நேரமில்லை என்றால் இந்த நாயை வளர்க்கக் கூடாது.

வீட்டு நாய்க்குட்டி விளையாட்டாகக் கடித்ததில் பையனுக்கு லேசாக ரத்தம் வந்தது. குட்டிக்கு இன்னும் ஊசி போடவில்லை. சுண்ணாம்பு வைத்திருக்கிறோம். போதுமா?
– ஒரு வாசகர், சேலம் மாவட்டம்

போதாது. இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். சுண்ணாம்பைக் கழுவி எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், கட்டுப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (தயாரான எதிர்ப்புச் சக்தி மருந்து) ஊசியையும் கேளுங்கள். நோயின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வைத்தியம் இல்லை. தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள் போட்டதிலிருந்து 3, 7, 28-வது நாட்களில் திரும்பப் போக வேண்டும். பையன் நன்றாக ஓடியாடுகிறான் என்று சிலர் அந்த 28-வது நாளை விட்டுவிடுகிறார்கள், காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.