கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்: பழைய பொம்மை ரயில்கள் பற்றிய கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் லயோனல் நிறுவனம் செய்த பொம்மை ரயில்களைப் பற்றியவை. நியூஜெர்சியின் ஹில்சைடு தொழிற்சாலையோடு பெயர் சேர்ந்துபோன இந்த ரயில்கள் மூன்று கம்பித் தண்டவாளத்தில் ஓடுபவை. 1945 முதல் 1969 வரை செய்யப்பட்டவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘போருக்குப் பிந்தையவை’ என்ற ஒரே பெயரில் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் பலர் எஸ்டேட் சேல்களில், அதாவது ஒரு வீட்டின் பொருட்களை மொத்தமாக விற்கும் இடங்களில், இவற்றைக் கண்டு ஆசைப்பட்டு வாங்குகிறார்கள், பிறகு எனக்கு எழுதுகிறார்கள். வாங்குவதற்கு முன் எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் தெருவில் நடக்கும் எஸ்டேட் சேலில் வெள்ளியும் சிவப்புமான சான்டா ஃபே எஃப்3 டீசல் என்ஜின், எண் 2343, விலைக்கு இருக்கிறது. 350 டாலர் கேட்கிறார்கள். பார்ப்பதற்குப் புதிது போல இருக்கிறது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? (எடிசன், நியூஜெர்சி)

பதில்: நீங்கள் பார்த்தது மேற்கூட்டை மட்டும். மாடு வாங்கப் போகிறவர் கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை, வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இந்த என்ஜினுக்குப் பல் என்பது அதன் பேட்டரி இடம். 1950 முதல் 1952 வரை விற்பனையான 2343இல் ஹாரன் ஒலிப்பதற்காக உள்ளே ஒரு பெரிய டி அளவு பேட்டரி போடுவார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து ரயிலை அட்டைப்பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றியவர்கள் பலர் அந்த பேட்டரியை எடுக்க மறந்தார்கள்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் இதே எண்ணுள்ள என்ஜினை, இதே போன்ற ஒரு விற்பனையில் 280 டாலர் கொடுத்து வாங்கினேன். மேலே ஒரு கீறல்கூடக் கிடையாது. வீட்டுக்கு வந்து திருகுகளைக் கழற்றிக் கூட்டைத் தூக்கியபோது, பேட்டரி இருந்த இடத்தில் வெண்மையும் பச்சையுமாகப் பொருக்கு கட்டியிருந்தது. திருப்புளி முனையால் மெல்லச் சுரண்டியதும் பொருக்கோடு சேர்ந்து அடித்தட்டும் செதில் செதிலாக உதிர்ந்து, கீழே விரித்திருந்த செய்தித்தாளின் எழுத்து ஓட்டை வழியாகத் தெரிந்தது. ஹாரனும் அதன் ஒயர்களும் போயிருந்தன. வேறோர் அடித்தட்டு தேடி வாங்க மேலும் 120 டாலர் ஆனது. விற்றவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

ஆகவே, திருகைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். கூரையில் கம்பி வலை பதித்த காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வலை இல்லாமல் வார்ப்பிலேயே வரிகள் மட்டும் இருந்தால், பின்னால் வந்த 2353இன் கூட்டை யாரோ மாட்டியிருக்கக்கூடும். இன்னொன்று, இவை இரண்டு இரண்டாக விற்கப்பட்டவை. ஒன்றில் இரண்டு மோட்டார்கள் இருக்கும், மற்றது மோட்டார் இல்லாத வெறும் இணை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். இரண்டும் சேர்த்து 350 என்றால் பேரம் பேச இடமிருக்கிறது. ஒற்றைக்கு 350 என்றால் வேண்டாம்.

கேள்வி: டெக்சஸிலிருந்து என் அண்ணன் ஒரு லயோனல் இசட் டபிள்யூ டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி அனுப்பினார். இங்குள்ள பிளக் பாயின்டுக்குப் பொருந்தும் அடாப்டரை வாங்கிச் செருகினேன். சில வினாடிகளில் புகை வந்துவிட்டது. விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (அண்ணா நகர், சென்னை)

பதில்: கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அதன் தகட்டிலேயே 115 வோல்ட், 60 சுழற்சி என்று பொறித்திருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 சுழற்சி. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தைக் குறைக்காது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் பழுதின்றி உழைத்த ஒரு பொருள், அதன் தகட்டைப் படிக்காததால் சில வினாடிகளில் எரிந்துபோனது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்ததை வாங்கினால் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் இணைக்க வேண்டும். சுழற்சி 60இலிருந்து 50ஆகக் குறையும்போது இரும்பு உள்ளகம் கூடுதலாகச் சூடேறும் என்பதால், 110 வோல்ட் தருவதைவிட 100 வோல்ட் தரும் ஸ்டெப் டவுன் பாதுகாப்பானது. இசட் டபிள்யூ 275 வாட் வரை இழுக்கும். ஆகவே 500 வாட்டுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். பழைய மின்கம்பியின் ரப்பர் உறை வளைத்தால் வெடிக்கிறதா என்று பார்த்து, வெடித்தால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் புதுக் கம்பி போட்ட பிறகே மின்சாரம் கொடுங்கள். குழந்தைகள் தொடும் பொருள் இது.

கேள்வி: 736 பெர்க்‌ஷயர் நீராவி என்ஜின் வாங்கினேன். என்னிடம் இருக்கும் ஓ27 தண்டவாள வளைவில் திரும்பாமல் தடம் புரள்கிறது. குறையுள்ள பொருளை விற்றுவிட்டார்களா? (டாலஸ்)

பதில்: என்ஜினில் குறை இல்லை. அது 31 அங்குல வட்டத்துக்காகச் செய்யப்பட்டது, உங்களுடையது 27 அங்குலம். தண்டவாளத்தை மாற்றுங்கள்.

கேள்வி: ‘சோதிக்கப்படவில்லை’ என்ற குறிப்போடு இணைய ஏலத்தில் இருந்த 2026 நீராவி என்ஜினை 95 டாலருக்கு எடுத்தேன். மின்சாரம் கொடுத்தால் உறுமுகிறது, ஆனால் நகரவில்லை. விற்றவர், ‘சோதிக்கவில்லை என்று முன்பே எழுதியிருந்தேனே’ என்கிறார். (சான் ஹோசே)

பதில்: முதலில் நல்ல செய்தி. உறுமல் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஈ-யூனிட் என்ற திசைமாற்றியிலிருந்து வருவது. மின்சாரம் ஒவ்வொரு முறை நின்று வரும்போதும் அது முன்னே, நிறுத்தம், பின்னே, நிறுத்தம் என்று வரிசையாக மாற்றும். பல ஆண்டு கிரீஸ் இறுகிப்போனால் அதன் சிறு உருளை நிறுத்தத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு உருளையையும் அதை உரசும் செப்பு விரல்களையும் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதற்குள் எண்ணெய் விடாதீர்கள். விரல்கள் தேய்ந்திருந்தால் புதியவை எளிதாகக் கிடைக்கும்.

அந்தக் குறிப்பைப் பற்றி நான் பல நாட்களாக எழுத நினைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன். லயோனல் என்ஜினைச் சோதிக்கப் பட்டறை தேவையில்லை, தண்டவாளம்கூடத் தேவையில்லை. ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரும் இரண்டு துண்டு ஒயரும் போதும். ஒரு ஒயரை என்ஜினின் வயிற்றுப்புறத்தில் நடுக் கம்பியைத் தொடும் உருளையில் வைத்து, மற்றதைச் சக்கரத்தில் வைத்தால், ஓடுமா ஓடாதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இருபது கோணங்களில் படம் எடுத்து, விளக்கு வைத்து, எண்ணைத் துடைத்துப் பளபளப்பாக்கி, மாதத்துக்கு முப்பது நாற்பது என்ஜின்கள் விற்கும் ஒருவருக்கு அந்த அரை நிமிடம் இல்லை என்பதை நான் நம்பவில்லை. ஓடுகிற என்ஜின் கூடுதல் விலைக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஓடினால் ஓடும் படத்தைப் போட்டிருப்பார். அவர் சோதித்துவிட்டார் என்றும், முடிவு அவருக்கு உகந்ததாக இல்லை என்றும் வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். கணவரின் பொருட்களை விற்கும் மூதாட்டி அப்படி எழுதினால் நம்பலாம், ஏனென்றால் அவரிடம் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. தொழிலாகவே விற்பவர் எழுதினால், அது வாங்குகிறவர் தலையில் நட்டத்தைக் கட்டும் வழி. நானும் ஒரு காலத்தில் இப்படி மூன்று என்ஜின்கள் வாங்கினேன். ஒன்றில் மோட்டாரின் சுருளே எரிந்திருந்தது. உங்கள் 95 டாலர் திரும்பி வராது. ஆனால் துடைத்த பிறகு அந்த 2026 ஓடிவிடும் என்றே எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: துருப்பிடித்த தண்டவாளத்தைத் தேய்க்க எஃகு நார் வாங்கலாமா? (அட்லாண்டா)

பதில்: வாங்க வேண்டாம். 1950 முதல் பல லயோனல் என்ஜின்களில் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளக் காந்தம் வைத்திருக்கிறார்கள். நாரின் துகள்களைக் காந்தம் இழுத்து மோட்டாருக்குள் கொண்டுபோய் ஷார்ட் ஆக்கிவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நார் போதும்.

கேள்வி: 1957இன் ‘பெண் குழந்தைகளுக்கான ரயில்’ என்ற இளஞ்சிவப்பு லயோனல் தொகுப்பை அசல் என்று சொன்னதை நம்பி 2,200 அமெரிக்க டாலருக்கு வாங்கினேன். என் மகளின் பிறந்தநாளுக்காக இரண்டு ஆண்டுகள் சேமித்த பணம். பார்த்த நண்பர், வண்ணம் புதிது என்கிறார். விற்றவர் ‘திருப்பி எடுப்பதில்லை’ என்று எழுதிவிட்டார். (டொரண்டோ)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்தது. தவறு உங்களுடையது அல்ல. அசல் என்று சொல்லி விற்றதால் விலை கொடுத்தீர்கள். சொன்னவர்தான் அதற்குப் பொறுப்பு.

அந்தத் தொகுப்பு அன்று கடைகளில் விலைபோகவில்லை. அதனாலேயே இன்று அரிது, அரிது என்பதாலேயே போலி அதிகம். என்ஜினின் எண் 2037-500. சாதாரண 2037 கறுப்பு என்ஜின் மலிவாகக் கிடைக்கிறது, அதற்கு இளஞ்சிவப்பு பூசுவது யாருக்கும் முடிகிற வேலை. ஓட்டுநர் அறையின் உட்புறம், திருகுத் துளைகளின் ஓரம், சக்கர அச்சு நுழையும் இடம் ஆகியவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்புக்கு அடியில் கறுப்பு எட்டிப் பார்த்தால் அது மறுபூச்சு. லயோனல் பெயரிலேயே 1991இல் இந்த ரயில் மறுபடி வெளியானது. அதிலிருந்து எடுத்த பெட்டிகளும் கலந்திருக்கலாம்.

கண்டதைப் படமெடுத்து, விவரம் தெரிந்த ஒரு சேகரிப்பாளரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். ‘திருப்பி எடுப்பதில்லை’ என்ற வரி மனம் மாறித் திருப்பித் தருகிறவருக்கானது. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்கிற இடத்தில் அதை ஏற்காதீர்கள். இபே வழியாக வாங்கியிருந்தால் பொருள் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் ‘விவரித்தபடி இல்லை’ என்று முறையிடுங்கள். கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால் கார்டு வழங்கிய வங்கிக்கும் இன்றே எழுதுங்கள். நண்பர்களுக்குப் பணம் அனுப்பும் முறையில் செலுத்தச் சொல்லியிருந்தால் வழி கடினம். அப்படிக் கேட்கும் விற்பனையாளரிடம் இனி யாரும் ஒரு சக்கரம்கூட வாங்க வேண்டாம்.

மறுபூச்சு குற்றம் அல்ல, அதை மறைப்பதுதான் குற்றம். 1954இல் தொடங்கிய அமெரிக்க ரயில் சேகரிப்பாளர் சங்கம், பழுதுபார்த்ததையும் மறுபடைப்புகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதைத் தன் உறுப்பினர்களுக்கு நெறியாகவே வைத்திருக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் கூடும் அவர்களது சந்தையில், ‘மறுபூச்சு’ என்று சீட்டு ஒட்டி நியாயமான விலைக்கு விற்கும் நேர்மையான மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வாங்கியதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

கேள்வி: அப்பா விட்டுச் சென்ற மூன்று கம்பி ஹார்ன்பி டப்லோ என்ற பிரிட்டிஷ் பொம்மை ரயிலை லயோனல் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டலாமா? இரண்டுமே மூன்று கம்பிதானே? (ஹாரோ, லண்டன்)

பதில்: கூடாது. டப்லோ 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடுவது, லயோனல் தருவது மாறுமின்சாரம் (ஏசி). மோட்டார் சூடேறும், அதன் நிலைக்காந்தம் வலுவிழக்கும். அப்பாவின் ரயிலுக்கு அதற்குரிய கன்ட்ரோலரையே வாங்குங்கள்.

கேள்வி: மகனின் கல்லூரிச் செலவுக்கு முதலீடாக லயோனல் ரயில்களை வாங்கி வைக்கலாமா? (சிங்கப்பூர்)

பதில்: வேண்டாம். 1950களில் இவற்றோடு விளையாடிய தலைமுறை முதுமை அடைந்துவிட்டது, அவர்களது சேகரிப்புகள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சாதாரண வகைகளின் விலை இறங்கியிருக்கிறது. மகனோடு ஓட்டி மகிழ வாங்குவதானால் இதைவிட நல்ல காலம் இல்லை.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். கணவர் இறந்த பிறகு ஒரு வியாபாரி வந்து, நிலவறையில் இருந்த லயோனல் ரயில்களில் பாதியை 150 டாலர் கொடுத்து எடுத்துச் சென்றார். மீதியை அந்த அம்மா எனக்குத் தர விரும்புகிறார். என்ன விலை கொடுப்பது நியாயம்? (பார்சிப்பனி, நியூஜெர்சி)

பதில்: இப்படிக் கேட்டதற்காக உங்களுக்கு என் நன்றி. விலை பேசுவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து பட்டியல் எழுதுங்கள். நீராவி என்ஜின்களில் எண் பெரும்பாலும் ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் இருக்கும், சரக்குப் பெட்டிகளிலும் எண் அச்சாகியிருக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஏலத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அந்தத் தொகையை அவரிடம் சொல்லிவிட்டு, அதன் பிறகு உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள். வியாபாரி பாதி விலை கொடுப்பது வழக்கம், அவருக்குக் கடை வாடகை இருக்கிறது. உங்களுக்கு அந்தச் செலவு இல்லை.

வியாபாரி எடுத்துச் சென்றவற்றின் படமோ பழைய ரசீதோ இருந்தால் அதையும் பட்டியலோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவின் பிள்ளைகளுக்கு விவரம் தெரிவிப்பதும் நல்லது. நிலவறையில் ஆரஞ்சும் நீலமுமான காலி அட்டைப்பெட்டிகள் கிடந்தால் அவற்றைக் குப்பையில் போட வேண்டாம் என்று இன்று மாலையே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவற்றுக்கும் விலை உண்டு, அந்தப் பணமும் அவருக்கே சேர வேண்டும்.