சதுப்பு நிலச் செடி புதிய துணையினம்தானா என்று எப்படி உறுதி செய்வது?

ஓர் அரிய சதுப்பு நிலச் செடியின் இலை, நூல்களில் உள்ள விவரிப்போடு ஒத்துப்போகவில்லை; அது புதிய துணையினமா, அதாவது அதே இனத்துக்குள் அடங்கும் தனிப் பிரிவா, என்று கேட்டிருக்கிறீர்கள்.

இலையை மட்டும் நம்பிவிடாதீர்கள். நீர்ச்செடிகள் நீர்மட்டத்துக்கேற்ப உருமாறும். ரனன்குலஸ் அக்வாடிலிஸ் செடியைப் பாருங்கள்: நீருக்குள் மயிரிழை போன்ற இலைகள், மேலே மிதப்பவை அகன்றவை. இரண்டும் ஒரே தண்டில்! பூ, கனி, விதையுறையின் மேற்பரப்பு ஆகியவை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை; உருப்பெருக்கியில் அவற்றைப் பாருங்கள். பல செடிகளை அளந்து, உலர்தாவரக் காப்பகத்தில் உள்ள மூல வகை மாதிரியோடு (அந்த இனத்தின் பெயருக்கு அடையாளமாக வைக்கப்பட்ட மாதிரி) ஒப்பிட வேண்டும்.

உங்கள் செடியையும் வேறு இடத்தில் வளரும் அதே இனத்தின் வழக்கமான செடியையும் ஒரே தொட்டியில், ஒரே ஆழத்தில் வளர்த்துப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. வேறுபாடு அப்போதும் நீடித்தால் அது மரபுவழி வந்தது. அந்த வேறுபாடு தனிப் புவிப்பரப்போடும் பொருந்தினால் துணையினம் என்ற வாதம் வலுப்பெறும். டி.என்.ஏ. ஒப்பீடும் கைகொடுக்கும்.

அரிய செடி என்பதால் தயவுசெய்து வேரோடு பிடுங்காதீர்கள். அனுமதி பெற்று ஒரு கிளை, முடிந்தால் பூவோடு, போதும்.

புதிய துணையினத்துக்கு வைக்கும் பெயர் செல்லுபடியாக, வகை மாதிரியைக் குறிப்பிட்டு விவரிப்பை வெளியிட வேண்டும். 2012 முதல் அது லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம்.