அந்த 130 ரூபாயில அம்மா எங்க தம்பி?

அண்ணா வணக்கம்ங்க,

நான் திருப்பூர், பி.காம் சி.ஏ. மூணாவது வருஷம் படிக்கறேன். நீங்க காலேஜ் படிக்கறப்ப ஈரோட்டுல கேசட் ரெக்கார்டிங் கடை நடத்துனதை பத்தி எழுதியிருந்ததை படிச்சேன், அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு தோணுச்சு. நானும் ஒரு வருஷமா இன்ஸ்டால டி-ஷர்ட் விக்கறேன். காலையில 6 மணிக்கு எந்திரிச்சா முதல்ல டிஎம், அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ்ல அட்ரஸ் வாங்கறது, 9 மணிக்கு காலேஜ், மத்தியான பிரேக்ல ப்ரெண்டு வண்டியில காதர்பேட்டை பனியன் மார்க்கெட் போய் டிசைன் இல்லாத பிளைன் பீஸ் எடுத்துட்டு வர்றது, சாயந்திரம் டிசைன் அச்சடிச்ச டிடிஎப் ஷீட்டு வாங்கிட்டு வந்து வீட்லயே ஹீட் பிரஸ்ல அடிச்சுருவேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்குன மெஷின், ஹால்ல டிவிக்கு பக்கத்துல இருக்கு. நைட்டு 11 மணிக்கு மேல பிஜிஎம்ஐ (அதாங்க, பப்ஜி கேம்) ரெண்டு மேட்ச், இல்லைனா ஏதாவது சீரிஸ். அட்டென்டன்ஸ் 71 சதவீதத்துல நிக்குது.

ஒரு பீஸ் எனக்கு 145, பிரிண்ட் 60, கவர் 4, கொரியர் 60. 399க்கு விக்கறேன். 130 கையில நிக்குது. மாசம் 100 பீஸ் போகுது, கேரளா பெங்களூர்ல இருந்தெல்லாம் ஆர்டர் வருது. பாதிக்கு மேல கேஷ் ஆன் டெலிவரி. ஹீரோ முகம் போட்டது, பஞ்ச் டயலாக் போட்டது, இதுதான் நல்லா ஓடுது, படம் ரிலீஸ் ஆகற வாரம் இன்னும் ஜாஸ்தி.

அப்பா ஓவர்லாக் டெய்லர். முன்னாடி சொந்தமா 4 மெஷின் போட்டு பவர் டேபிள் (கம்பெனிகளுக்கு தைச்சுக் குடுக்கற யூனிட்) வெச்சிருந்தாரு, 2011ல சாயப்பட்டறை எல்லாம் மூடுனப்ப ஆர்டர் இல்லாம மெஷினை வித்துட்டாருங்க. இப்ப நான் பிசினஸ்னு வாய் திறந்தாலே எந்திரிச்சு வெளிய போயிர்றாரு, பேங்க் எக்சாம் எழுதுங்கறாரு. அம்மா பனியன் கம்பெனியில செக்கிங், அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒரு காமெடி சொல்றேன், போன மாசம் ‘கெத்து’ன்னு ஒரு டிசைன், 60 ஷீட்டு எடுத்துட்டேன், 10 பீஸ் அடிச்சும் முடிச்சுட்டேன், அம்மா மடிச்சுட்டே "என்ன சாமி, கொம்பு தனியா நிக்குது"ங்கறாங்க, பாத்தா நிஜமாவே தப்பு.

கேள்வி இதுதாங்க. காலேஜை விட்டுட்டு முழுசா இறங்கலாமா? கேம், சீரிஸ் எல்லாம் நிறுத்திட்டா டைம் மிச்சமாகுமா? 15,000 ரூபாயில ஆரம்பிச்சு பெரிய ஆளானவங்க ரீல்ஸ் எல்லாம் பாக்கறேன், எனக்கு மட்டும் ஏன் ஒரு வருஷமா அதே 100 பீஸ்லயே நிக்குது?

பேரு போட வேண்டாங்க.

*

தம்பி,

பேரு போடலை. காமெடின்னு நீ சொன்ன இடத்துல இருந்தே ஆரம்பிக்கறேன், உன் லெட்டர்லயே முக்கியமான விஷயம் அதுதான், நீ போற போக்குல சொல்லிட்டு போயிட்ட.

கொம்பு ஏன் தனியா நின்னுச்சுன்னு தெரியுமா? கம்ப்யூட்டர்ல நம்ம ‘கெ’ங்கறது உள்ளுக்குள்ள க முதல்ல, கொம்பு அப்புறம்னுதான் சேமிச்சு வெச்சிருக்கும், திரையில காட்டறப்பதான் கொம்பை தூக்கி முன்னாடி வைக்கணும், அந்த வேலை தெரியாத சாப்ட்வேர்ல கொண்டுபோய் ஒட்டுனா அது க-வுக்கு பின்னாடியே நின்னுக்கும். டிசைன் பண்ற பசங்க பாதிப்பேரு இதுல மாட்டியிருக்காங்க, பேனர்ல கூட பாத்திருப்ப. இப்ப ஏஐயில படம் போடச் சொன்னா அது இன்னும் மோசம், தமிழ் மாதிரியே இருக்கும், பக்கத்துல போய் படிச்சா ஒரு எழுத்தும் எழுத்தா இருக்காது. தமிழை டைப் பண்ணி சரியான்னு பாத்துட்டு எழுத்தை அவுட்லைனா, அதாவது படமா மாத்தி அனுப்பு, இனிமே இது வராது.

ஆனா இதை கண்டுபிடிச்சது யாரு? நீ பாத்த, உன் ப்ரெண்டு பாத்தான், ஷீட்டு அடிச்சுக் குடுத்தவரும் பாத்தாரு. பகல் முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்துல ஓட்டை, கறை, தையல் விட்ட இடம்னு பீஸ் பீஸா புரட்டி பாத்துட்டு, ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வந்து, உலை வெச்சுட்டு, ஹீட் பிரஸ் சூட்டுக்கு பக்கத்துல கீழ உக்காந்து உன் டி-ஷர்ட்டை மடிச்சுட்டு இருந்த ஒரு அம்மா. அந்த 10 பீஸோட நின்னுச்சு, இல்லைனா 60ம் போயிருக்கும், அதுல பாதி கஸ்டமர் போட்டோ எடுத்து ஸ்டோரியில போட்டு உன்னை டேக் பண்ணியிருப்பான். இதுக்கு கம்பெனியில குவாலிட்டி கண்ட்ரோல்னு பேரு, அதுக்கு தனியா சம்பளம் உண்டு. உன் கணக்குல 145, 60, 4, 60ன்னு நாலு நம்பர் இருக்கு, அதுல அம்மா எங்க?

சரி, அந்த 130ஐயே கொஞ்சம் பிரிச்சு பாப்போம். 10 பீஸ் அனுப்பறன்னு வை, கேஷ் ஆன் டெலிவரி பாதிக்கு மேலன்னா ரெண்டாவது திரும்பி வரும் (நீ எழுதலை, ஆனா வரும், போன் எடுக்க மாட்டான், எடுத்தா "நான் ஆர்டரே பண்ணலை ப்ரோ"ம்பான்). போக 60, வர ஒரு 50, ரெண்டு பீஸுக்கு 220 காலி. எட்டு பீஸ்ல 1,040 வந்துச்சு, 220 போனா 820, ஆக பீஸுக்கு 82. கஸ்டமர் பேரு போட்டு அடிச்ச பீஸா இருந்தா அதை வேற யாருக்கும் விக்கவும் முடியாது, அந்த கணக்கை நான் போடவே இல்லை. இன்ஸ்டால காசு கட்டி போஸ்ட்டை பூஸ்ட் பண்ணுவ, அது மாசம் 3,000ன்னு வெச்சா 100 பீஸுக்கு பிரிச்சா 30. மிச்சம் 52. அப்புறம் ஜிஎஸ்டி. வெளி மாநிலத்துக்கு நீ நேரா சரக்கு விக்கற, அதுக்கு 40 லட்சம் டர்ன்ஓவர் வர்ற வரைக்கும் ரெஜிஸ்டர் பண்ண வேண்டாம்னு எவனாவது சொல்லியிருப்பான், அது தப்பு, அந்த லிமிட் உள்ளூர் மாநிலத்துக்குள்ள விக்கறவனுக்கு. எல்லை தாண்டுச்சுன்னா முதல் பீஸுக்கே ரெஜிஸ்ட்ரேஷன் வேணும். துணிக்கு உன் விலையில 5 சதவீதம், 399க்குள்ள 19 ரூபா அது, வித்த எட்டுக்கு மட்டும் கணக்கு பண்ணி பத்துல பிரிச்சா ஒரு 15. நீ வாங்குறப்ப கட்டுன வரியை கொஞ்சம் கழிச்சுக்கலாம், அதை ஒரு ஆடிட்டர்கிட்ட உக்காந்து கேளு, யூடியூப்ல கேக்காத.

ஆக 37. மாசத்துக்கு 3,700. இதுல அந்த ஹீட் பிரஸ் இழுக்கற கரண்ட் இருக்கு, ஓசியில தர்ற யூனிட்டு எவ்வளவு சீக்கிரம் தாண்டுதுன்னு அப்பாகிட்ட கேட்டா தெரியும், பில்லு கட்டறது அவருதானே. இதுல அம்மா நைட்டு உக்காந்து பாக்கற வேலையும் இருக்கு. செக்கிங், மடிக்கறது, கவர் போடறது, பீஸ் ரேட்டு என்னன்னு உங்க அம்மாவுக்கு பைசா சுத்தமா தெரியும், கேட்டுப்பாரு, 3,700ல எவ்வளவு மிஞ்சும்னு அப்புறம் எனக்கு எழுது. ஏன் 100 பீஸ்லயே நிக்குதுன்னு கேட்ட இல்ல, அம்மா உழைப்பை கணக்குல சேக்காம 130 நிக்குதுன்னு நினைச்சுட்டு இருந்தா அங்கயேதான் நிக்கும், வேற காரணம் தேட வேண்டாம்.

ரீல்ஸ்ல வர்ற 15,000 ரூபா கதை ‘சிக்’ ஷாம்பூ சி.கே. ரங்கநாதனோடதுதான்னு நினைக்கறேன், கடலூர்க்காரர், 1983ல ஆரம்பிச்சாரு, கதை நிஜம்தான். ஆனா ரீல்ஸ் 30 செகண்டுங்கறதால அவங்க அப்பா சின்னி கிருஷ்ணனை வெட்டிருவாங்க. ஷாம்பூவை பாட்டில்ல இல்லாம சின்ன பாக்கெட்டுல போட்டு சாதாரண ஜனத்துக்கு விக்கலாம்னு மண்டையை உடைச்சுட்டு இருந்தவர் அந்த அப்பா, மகன் வீட்டு பிசினஸை விட்டு தனியா வெளிய வந்தப்ப காசு 15,000தான், ஆனா அந்த யோசனை கூடவே வந்துச்சு. ‘சிக்’ங்கற பேரே அப்பா பேர்ல இருந்து எடுத்ததுதான். அவர் பாக்கெட்டு மேலயே எழுதி வெச்சாரு, நீ நோட்டுல கூட எழுதலை. உனக்கு காதர்பேட்டையில எந்த பீஸ் ஆர்டர்ல மிஞ்சுன சர்ப்ளஸ், எது குறை இருக்கற செகண்ட்ஸ், 180 ஜிஎஸ்எம் கனமான துணின்னு சொல்லி 160ஐ தலையில கட்டறானா, இதெல்லாம் தொட்டு பாத்ததுமே தெரியுதுன்னா அது எங்க இருந்து வந்துச்சு? மெட்ராஸ்ல இருக்கற ஒரு பையன் லட்ச ரூபா செலவு பண்ணாலும் ஒரு வருஷத்துல கத்துக்க மாட்டான்.

நானும் யோக்கியன் இல்லை. ரெக்கார்டிங் கடையில என் தங்கச்சிதான் லிஸ்ட்டு எழுதுவா. கேசட் டப்பாவுக்குள்ள வைக்கற அட்டை இருக்குமே, அதுல ஏ சைடு பி சைடு பாட்டு பேரெல்லாம் பச்சை மையில, என்னோடது கோழி கிளறுன கையெழுத்து, அவளோடது அச்சு மாதிரி இருக்கும். 60 நிமிஷ கேசட்டுல எத்தனை பாட்டு அடங்கும், கடைசி பாட்டு பாதியில கட்டாகாம இருக்க எதை எடுத்துட்டு எதை போடணும்னு மனக்கணக்குலயே சொல்லுவா, ப்ளஸ் டூ படிக்கற புள்ள. சில பேரு "அந்த பச்சை மை கடை"ன்னுதான் எங்க கடைக்கு வழி கேப்பாங்க. அஞ்சு வருஷம் எழுதுனா, நான் ஒரு தீபாவளிக்கு சுடிதார் எடுத்துக் குடுத்ததோட சரி. எம்பி3 சிடி வந்து கடையை மூடுனப்ப நான்தான் ஊரெல்லாம் நஷ்டம் நஷ்டம்னு புலம்புனேன், அவ ஒண்ணும் சொல்லலை. போன வருஷம் வீட்டுக்கு வந்தப்ப பரண்ல இருந்து ஒரு டப்பா எடுத்து காட்டுனேன், வாங்கி பாத்துட்டு "இதுல ஒரு பாட்டு பேரு தப்பா எழுதியிருக்கேன், அன்னைக்கு எனக்கு காய்ச்சல்"னு சொல்லிட்டு குடுத்துட்டா. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. காய்ச்சலோட எழுதுனாங்கறது எனக்கு அன்னைக்குதான் தெரியும்.

கடைக்கு ஒரு நாள் போலீஸ் வந்ததையும் சொல்லிர்றேன், உன் ஹீரோ டி-ஷர்ட்டுக்கு அது உதவும். அடுத்தவன் பாட்டை காசு வாங்கிட்டு பதிவு பண்ணிக் குடுக்கறது காப்பிரைட் சட்டப்படி குத்தம்தான், ஊரே செஞ்சதால எங்களுக்கு உறைக்கலை, 40 கேசட்டு ரெண்டு டெக்கு தூக்கிட்டு போனப்பதான் உறைச்சுது. நீ போடற முகமும் அப்படித்தான். 2014லயே ரஜினி பேரை வெச்சு எடுத்த ஒரு இந்தி படத்தை எதிர்த்து அவரே மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு போனாரு, பேரு, முகம், ஸ்டைல் இதையெல்லாம் அனுமதி இல்லாம காசாக்க கூடாதுன்னு கோர்ட்டு அவர் பக்கம் நின்னுச்சு. உன்னை மாதிரி 100 பீஸ் விக்கறவனை யாரும் தேடி வர மாட்டாங்கதான், ஆனா அதையே நம்பி வளர்ந்தா வளர்ற அன்னைக்கு பேஜை தூக்கிருவாங்க. ‘கெத்து’ உன் சொந்த டிசைன்தானே, அந்த மாதிரி போடு. உங்க ஊர் பேச்சே கிடக்கு அள்ளிக்க, "ஏனுங்", "போலாங்"னு போட்டா கோயமுத்தூர் ஈரோடு பசங்க வெளியூர்ல உக்காந்துட்டு வாங்க மாட்டாங்களா?

கேம், சீரிஸ் நிறுத்தவான்னு கேட்டா, எனக்கு தெரியலைன்னு சொல்றதை விட வேண்டாம்னே சொல்றேன். நான் பாட்டு கேக்காம இருந்திருந்தா கேசட் கடையே இல்லை. 2020 செப்டம்பர்ல பப்ஜியை தடை பண்ணப்ப எங்க தெரு பசங்க துக்க வீடு மாதிரி திண்ணையில உக்காந்திருந்தாங்க, அவங்கதான் இன்னைக்கு உன் கஸ்டமர், அவங்க என்ன பேசிக்கறாங்கன்னு அந்த ரெண்டு மேட்ச்லதான் உனக்கு தெரியும். ஒண்ணு மட்டும், நீ மேட்ச் ஆடற அந்த 11 மணிக்கு அம்மா கவர் ஒட்டிட்டு இருந்தா கேமை நிறுத்து.

காலேஜை விடாத. இன்னும் கொஞ்ச மாசம், 71ஐ 75 ஆக்கு, மத்தியான காதர்பேட்டை ட்ரிப்பை சனிக்கிழமைக்கு மாத்து, அவ்வளவுதான், இதுல பெருசா யோசிக்க ஒண்ணும் இல்லை.

அப்பா. 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப நான் திருப்பூர்ல ஒரு சொந்தக்காரர் வீட்டுல இருந்தேன். தீர்ப்பு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், நொய்யல் தண்ணி வந்து நின்ன ஒரத்துப்பாளையம் டேம் பக்கம் காடு தோட்டம் வெச்சிருந்தவங்ககிட்ட கேட்டா தெரியும் அந்த தண்ணி என்ன பண்ணுச்சுன்னு. ஆனா நாலு மெஷின் போட்டவர் ஒரு சொட்டு சாயத்தண்ணி விடலை, அவர் தைக்கறவர், துணி சாயத்துக்கு போய் திரும்ப வந்தாதானே கட்டிங், கட்டிங் வந்தாதானே தையல். ஒழுங்கா வேலை பாத்தும் தன் கையில இல்லாத ஒண்ணால தொழில் போச்சு, உனக்கு அப்ப ஆறு வயசு இருக்குமா? மெஷினை வண்டியில ஏத்துனப்ப நீ வாசல்ல நின்னிருப்ப, உனக்கு ஞாபகம் இல்லை, அவருக்கு இருக்கு. எந்திரிச்சு வெளிய போறாருன்னா கோவம்னு எடுத்துக்காத. இன்னொன்னு யோசி, பிளைன் பீஸை 145க்கு வெளிய வாங்கற நீ, முப்பது வருஷம் ஓவர்லாக் ஓட்டுனவர் வீட்டுல இருக்கறப்ப. பிசினஸ் நல்லதா கெட்டதான்னு அவர்கிட்ட பேசாத, ஒரு பீஸை எடுத்துட்டு போய் "ஷோல்டர் தையல் இழுக்குது, ஏங்ப்பா?"ன்னு மட்டும் கேளு. வெளிய போக மாட்டாருன்னு நினைக்கறேன்.

அப்புறம் அந்த கொம்பு தப்பான 10 பீஸை குப்பையில போட்டுட்டியா? இருந்தா எக்ஸ்எல் ஒண்ணு எனக்கு அனுப்பு, 399 தரேன், கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். ஜிபே நம்பர் அனுப்பறப்ப அம்மாவோட நம்பரை அனுப்பு.