அல்-உலாவுக்குப் பெற்றோருடன்: முதலில் பேரீச்சந்தோப்பு, பிறகு கல்லறைகள்

கேள்வி: ரியாத்தில் வேலை பார்க்கிறேன். என் பெற்றோர் விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். இருவரும் 65 வயதைத் தாண்டியவர்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள். அப்பாவுக்கு மூட்டுவலி. டிசம்பரில் எனக்கு மூன்று நாள் விடுப்பு கிடைக்கும். அல்-உலா பாலைவனச் சோலையைக் காட்ட ஆசை. ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் ‘பெதூயின் அனுபவம், பண்டைய நகரங்கள், கூடாரத்தில் இரவு’ என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார். அதை வாங்கலாமா, நாங்களே காரில் போய்வரலாமா? நாங்கள் இந்துக்கள். மதீனா வழியாகப் போவதில் சிக்கல் வருமா?

பதில்: தயங்காமல் அழைத்துப் போங்கள். டிசம்பர் நல்ல மாதம்தான். வழிகாட்டியும் வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டாளர் சொல்லும் தொகுப்பை அப்படியே வாங்கிவிடாதீர்கள். அதை எப்படிப் பிரித்து வாங்குவது என்று சொல்கிறேன்.

முதலில் வழி. ரியாத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஒட்டகங்கள் குறுக்கே வரும். மூட்டுவலிக்காரரை அவ்வளவு தூரம் காரில் உட்கார வைக்க வேண்டாம். அல்-உலாவுக்கே விமானம் இருக்கிறது. அதில் இடம் கிடைக்காவிட்டால் மதீனாவுக்குப் பறந்து, அங்கே வாடகைக் கார் எடுங்கள். வடக்கே 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மதீனா விமான நிலையம் புனித எல்லையான ஹரமுக்கு வெளியே இருப்பதால் நீங்கள் இறங்குவதில் சிக்கல் இல்லை. அந்த எல்லைக்குள் மட்டும் நுழையக் கூடாது. செல்போன் வரைபடம் சில நேரம் நகரத்தின் ஊடாகக் குறுக்கு வழி காட்டும். அதை நம்பாமல், ஹரம் எல்லைப் பலகைகளைப் பார்த்து வெளிப்புறச் சாலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்து வழிகாட்டி. அல்-உலாவின் பெரிய ஈர்ப்பு ஹெக்ரா, பாறையில் செதுக்கிய கல்லறைகள் கொண்ட பண்டைய நகரம். அதற்குள் சொந்த வாகனத்தில் போக முடியாது. நம் வாசகர்களில் பலருக்கு இந்த இடம் மதாயின் சாலிஹ் என்ற பெயரில் தெரிந்திருக்கும். முன்பதிவு செய்த நேரத்தில், அதிகாரபூர்வ வண்டியில், ‘ராவி’ என்று அழைக்கப்படும் வழிகாட்டியோடுதான் உள்ளே போகிறார்கள். ராவிகள் பெரும்பாலும் அந்த வட்டாரத்து இளைஞர்கள், பெண்களும் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் ஏற்பாட்டாளரும் அதே டிக்கெட்டைத்தான் வாங்கித் தர வேண்டும். ‘என் சொந்த ஜீப்பில் ஹெக்ராவைச் சுற்றிக் காட்டுகிறேன்’ என்று அவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில் நீங்களே எடுங்கள். பணத்தைச் சேமிக்க வேண்டுமானால் விடுதியில் சேமியுங்கள், வழிகாட்டியிடம் வேண்டாம். சொல்வதற்கு ஆள் இல்லாவிட்டால் அங்கே இருப்பது அழகான பாறைகள் மட்டும்தான்.

பார்க்கும் வரிசையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லோரும் விமானத்தை விட்டு இறங்கியதும் ஹெக்ராவுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் முதல் நாள் மாலையைப் பேரீச்சந்தோப்புக்குக் கொடுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் தண்ணீர். மேற்கே கறுப்பு எரிமலைப் பாறை மேட்டுநிலம், இரு பக்கமும் செந்நிற மணற்கல் மலைகள். எப்போதோ பெய்யும் மழை வழிந்தோடி வந்து இந்தத் தாழ்வான நிலத்தில் இறங்கித் தங்குகிறது. கிணறு தோண்டினால் நீர் கிடைத்தது, பேரீச்சை வளர்ந்தது. தென் அரேபியாவிலிருந்து சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் சுமந்து மத்தியதரைக் கடல் பக்கம் போன ஒட்டக வணிகர்கள் இங்கே தங்கியே ஆக வேண்டியிருந்தது. அவர்களிடம் வாங்கிய வரியிலும் வணிகத்திலும் அரசுகள் எழுந்தன. இந்தத் தொடர்ச்சி மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு பார்க்கும் ஒவ்வொரு கல்லும் பேசும்.

பழைய ஊரிலிருந்து தாதான் என்ற பண்டைய நகரம் வரை தோப்புகளின் ஊடே சுமார் 3 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. அப்பா முழுவதும் நடக்க வேண்டியதில்லை. கொஞ்சம் நிழலில் நடந்து திரும்பினாலே போதும். பேரீச்சையின் நிழலில் எலுமிச்சை, ஆரஞ்சு, அவற்றின் கீழே காய்கறி என்று மூன்று அடுக்காகப் பயிர் செய்திருப்பதை அவருக்குக் காட்டுங்கள். பக்கத்திலேயே பழைய ஊர். சுமார் 900 மண்வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. 1980களில்தான் கடைசிக் குடும்பங்கள் வெளியேறின. அங்கே ‘தந்தூரா’ என்ற நிழற்கடிகாரம் இருக்கிறது. குளிர்கால விதைப்பு தொடங்கும் நாளை அதன் நிழலைப் பார்த்துத்தான் உழவர்கள் அறிந்தார்கள். மேலே இருக்கும் கோட்டைக்குப் படிகள் அதிகம். அப்பா கீழே காபி குடித்தபடி இருக்கட்டும்.

1326-இல் டமாஸ்கஸ் ஹஜ் பயணக் கூட்டத்தோடு இந்த வழியாகப் போன மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அல்-உலாவைத் தோப்புகளும் ஊற்றுகளும் நிறைந்த ஊர் என்று குறிக்கிறார். பயணிகள் நான்கு இரவு தங்கித் துணி துவைத்து, கூடுதல் மூட்டைகளை ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்களாம், அவ்வளவு நம்பிக்கையானவர்கள். சிரியாவின் கிறிஸ்தவ வணிகர்கள் இந்த ஊர் வரை வந்து வியாபாரம் செய்வார்கள், அதற்குத் தெற்கே போவதில்லை என்றும் சொல்கிறார். வேற்று மதத்தாரை இந்த ஊர் நெடுங்காலமாக வரவேற்றிருக்கிறது. ‘நாங்கள் இந்துக்கள்’ என்ற தயக்கம் அல்-உலாவில் தேவையே இல்லை.

ஒன்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நபி சாலிஹ் அவர்களின் பேச்சை மறுத்து, இறைவனின் அத்தாட்சியாக வந்த ஒட்டகத்தைக் கொன்ற ஸமூது கூட்டத்தார் அழிந்த இடம் ஹெக்ரா என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. பயணிகள் கடும் தாகத்திலும் அங்குள்ள நீரைத் தொடாமல் விரைந்து கடந்ததையும் இப்னு பதூதா எழுதியிருக்கிறார். உங்கள் முஸ்லிம் நண்பர்கள் சிலர் இன்றும் உள்ளே வரத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.

இரண்டாம் நாள் காலையில் தாதானும் ஜபல் இக்மாவும். தாதான், லிஹ்யான் அரசுகளின் தலைநகரான இது, ஹெக்ராவின் கல்லறைகளைச் செதுக்கிய நபத்தேயருக்கு முந்தையது. பாபிலோன் மன்னர் நபோனிடஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கைப்பற்றியதாகச் சொல்லும் ஊர்களில் தாதானும் ஒன்று. செங்குத்துப் பாறையின் உயரத்தில் சிங்கங்கள் செதுக்கிய கல்லறைகள் இருக்கின்றன. அவற்றைக் கீழிருந்துதான் பார்க்க முடியும் என்பதால் ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள். ஜபல் இக்மா ஒரு பாறை இடுக்கு. அதன் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள். 2023-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது. பல கல்வெட்டுகள், தங்கள் பயிருக்காகத் தெய்வத்துக்குச் சடங்கு செய்ததை மக்கள் பதிவு செய்தவை. முந்தைய மாலை தோப்பைப் பார்த்த உங்கள் பெற்றோருக்கு அந்த வரிகள் உடனே புரியும்.

ஹெக்ராவைப் பிற்பகல் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த வெயிலில்தான் செதுக்கு வேலை தெளியும். நபத்தேயரின் தென்திசைப் பெருநகரம் அது. அவர்களின் தலைநகர் இன்றைய ஜோர்டானில் உள்ள பெட்ரா. மொத்தம் 111 பெருங்கல்லறைகள், அவற்றில் 94 அலங்கார முகப்பு கொண்டவை. 2008-இல் சவூதியின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. தனித்த ஒரு பாறையில் நிற்கும் கஸ்ர் அல்-ஃபரீதைப் படம் எடுக்காதவர் இல்லை. நீங்கள் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே வழவழப்பான தூண்கள். கீழே வரவர உளித் தழும்புகளோடு முரட்டுப் பாறையாக முடிகிறது. சிற்பிகள் மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து பாதியில் நிறுத்திய வேலை அது.

என்னை அதிகம் கவர்வது வாசல் மேலே இருக்கும் எழுத்துகள். கி.மு. 1 முதல் கி.பி. 75 வரை ஆண்டு குறித்த கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. நம் ஊர்ச் சொத்துப் பத்திரத்தைப் போல உரிமை, தடை, தேதி எல்லாம் அவற்றில் வரிசையாக வரும். வஹ்பூவின் மகள் ஹினத் என்ற பெண் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் வழித்தோன்றல்களுக்கும் கட்டியது ஒன்று. இதை விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு எழுதவோ யாருக்கும் உரிமை இல்லை. மீறினால் அவர் பங்கு முறையான வாரிசுக்குப் போய்விடும். மாலிக்கு மன்னரின் 21ஆம் ஆட்சியாண்டு என்கிறது அது. கி.பி. 60 வாக்கில் ஒரு பெண் தன் பெயரில் எழுதி வைத்த உரிமை. இதை வரிவரியாகச் சொல்லும்படி ராவியிடம் கேளுங்கள். உங்கள் அம்மா இதை மறக்க மாட்டார்.

இப்போது ‘பெதூயின் அனுபவம்’. அல்-உலா ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மண்வீட்டில் வாழ்ந்த உழவர்கள். பெதூயின்கள் சுற்றிலும் இருந்த பாலைவெளியில் மந்தையோடு நகர்ந்தவர்கள்; இந்தப் பக்கம் அனிஸா குலத்தின் பிரிவுகள். நெய்யும் கம்பளியும் கால்நடையும் கொண்டு வந்து பேரீச்சையும் தானியமும் வாங்கிப் போவார்கள். சோலை இல்லாமல் அவர்கள் இல்லை, அவர்களின் ஒட்டகமும் பாதுகாப்பும் இல்லாமல் சோலையின் வணிகம் இல்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் வாழ்கிறார்கள், பிக்கப் ஓட்டுகிறார்கள், படிக்கிறார்கள், வார இறுதியில் ஒட்டகத்தைப் பார்க்கப் பாலைவனத்துக்குப் போகிறார்கள். அவர்களைப் பழங்காலத்து மனிதர்களாக வேடம் போட்டுக் காட்டும் இரவு நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த ஒரு வழிகாட்டியோடு நெருப்பருகே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அதுவே பேறு. ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியதும் அதுதான்: வழிகாட்டி எந்த ஊர்க்காரர், உரிமம் இருக்கிறதா, பெற்றோருக்குப் புரியும்படி நிதானமாகப் பேசுவாரா. பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆள் பாருங்கள்.

காபி தரும் முறையைப் பெற்றோருக்கு முன்பே சொல்லி வையுங்கள். கெண்டியை இடக்கையிலும் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகளை வலக்கையிலும் பிடித்து ஊற்றுவார்கள். ஏலக்காய் மணக்கும், சர்க்கரை இருக்காது, பேரீச்சைதான் இனிப்பு. கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றுவதே மரியாதை. விளிம்பு வரை நிரப்புவது ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்பதற்குச் சமம். வலக்கையால் வாங்க வேண்டும். கோப்பையைச் சும்மா திருப்பிக் கொடுத்தால் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையை இருபுறமும் லேசாக ஆட்டிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

ஒட்டகச் சவாரி அப்பாவுக்கு வேண்டாம். ஒட்டகம் பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும். ஏறியவர் முன்னே சரிவார். இறங்கும்போதும் முன்னங்கால் முதலில் மடிவதால் அதே குலுக்கல். மணல்மேட்டு ஜீப் பயணத்தில் அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஓட்டுநர் மணலில் இறங்குமுன் டயரின் காற்றைக் குறைத்தால் விஷயம் தெரிந்தவர் என்று நம்பலாம்.

டிசம்பர் இரவில் நடுக்கும். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பளிக் குல்லாயும் கனமான சால்வையும் அவசியம். கூடாரத்தில் இரவு தங்க வேண்டாம். நெருப்பும் நட்சத்திரமும் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுங்கள். 2024-இல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கராமீல் பாறைப் பகுதிக்குப் போக முடிந்தால் நல்லது. பதினொரு மணிக்கு மேல் தெற்கு அடிவானத்தை ஒட்டி ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். பெதூயின்கள் அதை ‘சுஹைல்’ என்பார்கள். ஆகஸ்ட் இறுதியில் விடியலில் அது தோன்றினால் கோடையின் கடுமை தணியும் என்பது அவர்கள் கணக்கு. நம் அகத்திய நட்சத்திரம் அதுவேதான், அப்பாவிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டில்தான் உண்மையான கவனம் தேவை. கப்சாச் சோற்றிலிருந்து கறியை எடுத்துவிட்டுச் ‘சைவம்’ என்று நல்லெண்ணத்தோடு தருவார்கள். அரிசியே கறி வெந்த நீரில்தான் வெந்திருக்கும். ‘பிதூன் லஹம்’, கறி இல்லாமல், என்று சொன்னால் மட்டும் போதாது. ‘பிதூன் மரக்’, கறிச்சாறும் இல்லாமல், என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஃபூல் என்ற பயற்று மசியல், ஹம்முஸ், கத்திரிக்காய் முதப்பல், சூடான தமீஸ் ரொட்டி ஆகியவை பெரும்பாலும் கைகொடுக்கும். பருப்பு சூப்பில் கறிச்சாறு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் யானைப் பாறையைப் பார்த்துவிட்டு விமானம் ஏறலாம். டிசம்பரில் குளிர்காலத் திருவிழா தொடங்குவதால் விலையும் கூட்டமும் ஏறும். முதலில் ஹெக்ராவின் பிற்பகல் டிக்கெட்டை உறுதி செய்யுங்கள், அதற்கேற்ப விமானத்தை, கடைசியில் அறையை. மழை முன்னறிவிப்பு இருந்தால் வறண்ட ஓடைப் படுகைகளில் வண்டியை இறக்க எந்த ஓட்டுநரையும் அனுமதிக்காதீர்கள். எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும்.