ரேடார் டிடெக்டர் வாங்கப் போகும் டிராவல்ஸ் ஓனருக்கு

கேள்வி: மேலூரில் சின்ன அளவில் டிராவல்ஸ் நடத்துகிறேன். இரண்டு இன்னோவா, ஒரு டெம்போ டிராவலர், மூன்றும் மஞ்சள் போர்டு. நான்கு மாதத்தில் ஒரே இன்னோவாவுக்கு ஆறு இ-சலான் வந்துவிட்டது. எல்லாம் ஓவர் ஸ்பீடு. திருச்சி ரோட்டில் நான்கு, திண்டுக்கல் பக்கம் இரண்டு. அதில் இரண்டு முறை வண்டியை மறித்தே போட்டார்கள். பாலத்து ஓரம் ஜீப்பை மறைத்து நிறுத்திக்கொண்டு ஸ்பீடு கன்னை நீட்டுகிறார்கள். கட்சிக் கொடி கட்டிய கார்கள் பறக்கின்றன, அவர்களைக் கேட்க ஆளில்லை. டியூ கட்டி வண்டி ஓட்டும் எங்கள் வயிற்றில்தான் அடிக்கிறார்கள். டெக்சாஸில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது, போலீஸ் ரேடாரை முன்கூட்டியே உணர்ந்து எச்சரிக்கும் ரேடார் டிடெக்டர் வாங்கி வருகிறேன் என்கிறார். மதுரையில் கார் ஆக்சசரீஸ் கடை ஒன்றில், போலீஸ் லேசரையே தடுக்கும் ஜாமரோடு சேர்த்து 35,000 ரூபாய் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? சட்டப்படி சிக்கல் வருமா? அந்த வண்டியை ஓட்டும் தம்பிக்கு லைசென்ஸ் சம்பந்தமாக ஆர்டிஓ ஆபீஸிலிருந்து போன வாரம் ஏதோ நோட்டீஸ் வந்திருக்கிறது. அதை அவனே பார்த்துக்கொள்வான்.

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது கடைசி இரண்டு வரிதான். "அதை அவனே பார்த்துக்கொள்வான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்க்க வேண்டிய காகிதமே அந்த நோட்டீஸ்தான்.

ஜீப் எங்கே நின்றது, கொடி கட்டிய கார் என்ன வேகத்தில் போனது என்பதெல்லாம் உங்கள் சலானுக்கு எதிர்வாதம் ஆகாது. அடுத்தவனைப் பிடிக்கவில்லை என்பதற்காக எந்த மாஜிஸ்திரேட்டும் உங்களை விடுவிக்க மாட்டார். அந்தக் கோபம் நியாயமாகவே இருக்கட்டும், அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

டிடெக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் ரேடார் டிடெக்டர் என்று பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு கிடையாது. கடைக்காரர் இதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 183-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வரம்பு மீறி ஓட்டுபவரோடு, தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைப்பவரும் அதே பிரிவில் வருகிறார். சொந்தக் காரைத் தானே ஓட்டுகிறவர் டிடெக்டர் வாங்கினால் அது அவருடைய பாடு. நீங்கள் சம்பளத்துக்கு வைத்திருக்கும் டிரைவருக்காக, உங்கள் காசில், உங்கள் வண்டியில் மாட்டிக் கொடுக்கிறீர்கள். "ஓனர்தான் வேகமாகப் போகச் சொன்னார்" என்று அந்தத் தம்பி நாளைக்கு வாய் திறந்து சொல்லவே வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பெட்டியே சொல்லிவிடும்.

மச்சான் இருக்கும் டெக்சாஸில் தனியார் காரில் அதை வைத்துக்கொள்ளலாம், உண்மை. அதே அமெரிக்காவில் வர்ஜீனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தடை. சுமார் 4,500 கிலோவுக்கு மேற்பட்ட வணிக வண்டிகளுக்கு நாடு முழுக்கவே தடை. வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் சட்டத்தின் கண் கொஞ்சம் கூடுதலாகவே திறந்திருக்கும், அங்கேயும் சரி இங்கேயும் சரி.

ஜாமரைக் கையாலும் தொடாதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு 2024 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் தொலைத்தொடர்பைத் தடுக்கும் கருவியை வைத்திருந்தாலே 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஸ்பீடு கன்னின் ஒளி 'தொலைத்தொடர்பு' என்ற சொல்லுக்குள் வருமா என்று நான் மணிக்கணக்கில் வாதாட முடியும். அந்த வாதம் முடிகிற வரை வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும், டியூ ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பிரிவு பொருந்தாது என்றே வைத்துக்கொண்டாலும், பணியில் இருக்கும் அரசு ஊழியருக்கு இடையூறு செய்ததாக, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 221-வது பிரிவைப் போட அவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

போகட்டும், அந்த மெஷினாவது வேலை செய்யுமா? ரேடார் என்றால் அலை நாலாபுறமும் சிதறும், டிடெக்டர் தூரத்திலேயே மோப்பம் பிடிக்கும். போலீஸ் கையில் இருப்பது லேசர் கன் என்றால் கதை வேறு. அதன் ஒளிக்கற்றை 300 மீட்டர் தள்ளியும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான் விரியும். நேராக உங்கள் நம்பர் பிளேட்டில் விழுந்து அரை நொடிக்குள் வேகத்தைப் படித்துவிடும். டிடெக்டர் கத்தும்போது படம் எடுத்து முடிந்திருக்கும். இரண்டு கேமராவுக்கு நடுவே எத்தனை நிமிடத்தில் கடந்தீர்கள் என்று கணக்குப் போட்டுச் சராசரி வேகம் பார்க்கும் முறையில் மோப்பம் பிடிக்க அலையே இல்லை. எச்சரிக்கை வர வேண்டிய இடத்தில் வராது. பக்கத்தில் போகும் புதுக் காரின் பிளைண்ட் ஸ்பாட் சென்சருக்கும் கடை வாசல் தானியங்கிக் கதவுக்கும் சும்மா கத்தும், ஏனென்றால் அவற்றில் பலவும் சில போலீஸ் ரேடார்களைப் போல 24 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசையில் இயங்குபவை. இரண்டு வாரத்தில் டிரைவர் அந்தச் சத்தத்தை மதிக்க மாட்டார். உங்கள் வண்டியில் அரசு உத்தரவுப்படி இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருந்தால் அதுவே வேகத்தைப் பதிந்து அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்கு எந்தக் கடையிலும் டிடெக்டர் விற்பதில்லை.

இப்போது அந்த நோட்டீஸுக்கு வருகிறேன். இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

வேகக் குற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-வது பிரிவின்படி டிரைவரின் லைசென்ஸைக் கைப்பற்றி லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்பலாம். மறித்துப் போட்ட அந்த இரண்டு சலானில் ஒன்றில் அப்படி நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கிருந்து 19-வது பிரிவு தொடங்குகிறது. விசாரித்துவிட்டு விடுவிக்கலாம், இல்லையென்றால் முதல் முறைக்கு 3 மாதத் தகுதியிழப்பு, அதாவது அதுவரை வண்டி ஓட்டக் கூடாது, அடுத்த முறைக்கு லைசென்ஸே ரத்து. வந்திருப்பது விசாரணைக்கான அழைப்பாக இருக்க வேண்டும். அன்றைக்குத் தம்பி போகவில்லை என்றால் உத்தரவு அவர் இல்லாமலே வரும். அவர் சொல்ல வெட்கப்பட்டு உங்களிடம் மறைப்பார். வண்டி வழக்கம்போல ஓடும்.

அப்படி ஓடிய ஒரு வண்டியின் ஓனர் சில வருடங்களுக்கு முன் என் ஆபீஸுக்கு வந்தார். உங்களைப் போலவே மூன்று வண்டி. தகுதியிழப்புக் காலத்தின் இரண்டாவது மாதத்தில், இரவில், அவருடைய டிரைவர் ஒரு டூவீலர்காரரை இடித்துவிட்டார். அந்த மனிதருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. பாலிசி உயிரோடு இருந்தது, பிரீமியம் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஓனர் நம்பியிருந்தார்.

வேகமாக ஓட்டினார் என்பதற்காக இன்சூரன்ஸ் கம்பெனி மூன்றாம் நபருக்குக் கைவிரிக்க முடியாது. 150-வது பிரிவு அவர்களுக்குச் சில எதிர்வாதங்களைத்தான் கொடுத்திருக்கிறது, வேகம் அதில் இல்லை. தகுதியிழப்புக் காலத்தில் ஓட்டியவர் என்பது இருக்கிறது. அதை மட்டும் காட்டினால் போதாது, ஓனரின் கவனக்குறைவையும் கம்பெனி நிரூபிக்க வேண்டும் என்று 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பக்கத்துக்கு இருந்த ஒரே கதவு அதுதான். குறுக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல் அவரிடம் சட்டமே பேசவில்லை. செல்போன் நம்பரைப் படித்து, "இது உங்களுடையதா?" என்றார். ஆமாம் என்றார். அந்த நம்பருக்கு வந்த சலான் எஸ்எம்எஸ்களின் தேதியை வரிசையாகப் படித்தார். "இத்தனை வந்த பிறகு டிரைவரின் லைசென்ஸை ஒரு தடவையாவது வாங்கிப் பார்த்தீர்களா?" ஓனர் என்னைப் பார்த்தார். அப்புறம் சம்பள நோட்டை எடுத்து நீட்டினார்கள். அந்த மூன்று மாதமும் டிரைவர் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியிருந்தார்.

அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கட்ட வேண்டும், கட்டியதை ஓனரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வந்தது. அதற்குத் தனி வழக்குகூடத் தேவையில்லை, விபத்து வழக்கை விசாரித்த அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டார்கள். தொகை அவருடைய மூன்று வண்டியின் விலையையும் தாண்டிவிட்டது. வீட்டுப் பத்திரத்தோடு அவர் வந்து உட்கார்ந்த அன்றைக்கு என்னால் தவணை கேட்டு மனுப் போடத்தான் முடிந்தது. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் அதுதான் கண்ணில் வந்தது.

இதன்மேல் டிடெக்டரையும் வையுங்கள். விபத்து நடந்தால் வண்டிக்குள் இருப்பதெல்லாம் போலீஸ் எழுதும் மகஜரில் ஏறும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 6-வது பிரிவின்படி ஒருவரின் முன்தயாரிப்பும் நடத்தையும் சாட்சியத்துக்கு உரியவை. வேகமாகப் போகத் தயாராகவே வண்டியை அனுப்பினார் என்று காட்ட அந்தப் பெட்டி உதவும். 'மெஷின் மாட்டியாச்சு, தைரியமா ஓட்டு' என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் அதைவிட உதவும். யாராவது இறந்துவிட்டால் வழக்கமாக டிரைவர் மேல் போடுவது நியாய சன்ஹிதா 106, அதாவது கவனக்குறைவால் மரணம், 5 ஆண்டு வரை. விளைவு தெரிந்தே செய்தார் என்று போலீஸ் எடுத்தால் 105-க்குப் போகும், அங்கே 10 ஆண்டு வரை. குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகளில் அப்படித் தண்டனை நின்றிருக்கிறது, 2012-ல் அலிஸ்டர் பெரைரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டிடெக்டர் மட்டுமே அந்த அளவுக்கு இழுத்துச் செல்லாது என்பது என் கருத்து. ஆனால் ஜாமீன் மனு விசாரணையில் அரசு வக்கீல் முதலில் எடுத்துச் சொல்வது அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் நடக்கும். விபத்துச் செய்தி கேட்டு முதலில் ஓடிப் போகிற சொந்தக்காரர், நல்லது செய்வதாக நினைத்துக் கண்ணாடியில் இருந்து அதைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொள்வார். பசைத் தடமும் பியூஸ் பெட்டியிலிருந்து தொங்கும் வயரும் அங்கேயே இருக்கும். அதைக் காணும் ஆய்வாளர் சாட்சியத்தை மறைத்ததாக நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவையும் சேர்ப்பார், அந்தச் சொந்தக்காரரும் குற்றவாளிப் பட்டியலில் வந்து நிற்பார். அந்த வயரைக் காட்டியே, 'கம்பெனிக்குச் சொல்லாமல் மின் இணைப்பை மாற்றியிருக்கிறீர்கள்' என்று உங்கள் சொந்த வண்டிக்கான கிளைமையும் இழுத்தடிப்பார்கள்.

ஆறு சலானையும் கட்டி முடித்துவிடுங்கள். இன்னோவா வகைக்கு 183-ல் அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரைதான். ஆறும் சேர்ந்து கடைக்காரர் கேட்ட 35,000-ஐ எட்டாது. கோர்ட்டில் வாதாடாமல் சமரசக் கட்டணமாகக் கட்டி முடியுங்கள் என்று நான் சொல்வதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சண்டை போடத் தகுந்த வழக்கு இது இல்லை. கட்டும் முன் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா, சாலை சரியா, சம்பவம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் வந்ததா? இதில் ஒன்று தப்பாக இருந்தால் அந்த ஒரு சலானை மட்டும் எதிர்க்கலாம். 2025 ஜூலையிலிருந்து ரேடார் வேகக் கருவிகளுக்கு எடையளவுத் துறையின் சரிபார்ப்பும் முத்திரையும் வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, அதையும் கேட்கலாம். ஆனால் ஆறையும் தொழில்நுட்பக் காரணம் சொல்லி உடைத்துவிடலாம் என்று யாராவது ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நாளைக்கே அந்தத் தம்பியைக் கூப்பிட்டு நோட்டீஸைக் கையில் வாங்கிப் படியுங்கள். விசாரணைத் தேதி இன்னும் தாண்டவில்லை என்றால் அவரோடு நீங்களும் போங்கள், சலான் கட்டிய ரசீதுகளோடு. உத்தரவு ஏற்கெனவே வந்திருந்தால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, பக்கத்துத் தெருவில் டீசல் போடக்கூட அனுப்பாதீர்கள். தகுதியில்லாதவரை ஓட்டவிட்டால் 180-வது பிரிவில் உங்களுக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ. அவருக்கு வண்டி கழுவும் வேலையோ புக்கிங் எடுக்கும் வேலையோ கொடுத்து, சம்பள நோட்டில் அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மற்ற இரண்டு டிரைவர்களின் லைசென்ஸ் நிலையையும் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் மாதம் ஒருமுறை பார்த்து, படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கூண்டில் நின்ற அந்த ஓனரிடம் அப்படி ஒரே ஒரு படம் இருந்திருந்தால் வழக்கு வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

மதுரையிலிருந்து திருச்சி சுமார் 135 கிலோமீட்டர். 110-ல் போனாலும் 90-ல் போனாலும் வித்தியாசம் பதினாறு நிமிடம். ஏர்போர்ட் சவாரிக்கு வண்டியை அரை மணி நேரம் முன்னால் எடுக்கச் சொல்லி, புக்கிங் மெசேஜிலேயே அதை எழுதிவிடுங்கள். மச்சான் டிக்கெட் போடும் முன்னே இன்று இரவே போன் பண்ணி அந்தப் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸில் இருக்கும் தேதியை எனக்கு எழுதி அனுப்புங்கள்.